குட்டி விமானத்தின் பெரிய சத்தம்: பழைய எஞ்சினுக்கு ஒலியடக்கி பொருத்துவது எப்படி?

இரவு பத்து மணிக்கு மேல், எக்ஸோஸை மாற்றிய மோட்டார் சைக்கிள் ஒன்று உங்கள் தாமான் சாலையில் போனால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். தூங்கும் குழந்தை எழுந்துவிடும், நாய் குரைக்கும், அப்பா சன்னலைச் சாத்துவார். அந்த எஞ்சினின் கொள்ளளவு 110 அல்லது 125 கன சென்டிமீட்டர் இருக்கும். அதில் இருபதில் ஒரு பங்கு மட்டுமே உள்ள, உள்ளங்கையில் அடங்கிவிடும் ஓர் எஞ்சின் ஒரு தாமானையே எழுப்புமா? தாராளமாக எழுப்பும்.

அமெரிக்காவின் டியூக் ஃபாக்ஸ் உருவாக்கிய 'ஃபாக்ஸ் 35' அப்படிப்பட்ட ஒன்று. 1940களின் இறுதியில் வெளிவந்து, ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தயாரிக்கப்பட்ட மாதிரி விமான எஞ்சின் அது. பெயரில் உள்ள 35 என்பது 0.35 கன அங்குலத்தைக் குறிக்கும். நம் கணக்கில் 5.7 கன சென்டிமீட்டர். ஒரு தேக்கரண்டியைவிடச் சற்று அதிகம். நடுவில் நிற்பவர் ஏறக்குறைய 18 மீட்டர் நீளமுள்ள இரண்டு மெல்லிய கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, விமானத்தை வட்டமாகவும் குட்டிக்கரணமாகவும் பறக்கவிடும் விளையாட்டுக்காக அது செய்யப்பட்டது.

இத்தகைய எஞ்சின்கள் இன்றும் பழைய அலமாரிகளிலும் பழம்பொருள் சந்தைகளிலும் கிடைக்கின்றன. நன்றாகத் துடைத்து எண்ணெய் விட்டால் பெரும்பாலானவை ஓடும். ஆனால் ஓட்டத்தான் இடமில்லை. ஒலியடக்கி இல்லாத எஞ்சினை இன்று பெரும்பாலான பறப்புத் திடல்கள் உள்ளேயே விடுவதில்லை. எனவே ஒரு பழைய எஞ்சின் வானத்தைப் பார்க்குமா, கண்ணாடி அலமாரியிலேயே கிடக்குமா என்பதை நாற்பது, ஐம்பது கிராம் எடையுள்ள ஓர் அலுமினியக் குப்பி தீர்மானிக்கிறது. பொறியாளர்கள் அதை 'மஃப்ளர்' என்பார்கள். நாம் ஒலியடக்கி என்றே சொல்லலாம்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

முதலில் ஒரு சிறு சோதனை. ஒரே அளவுக்கு ஊதிய இரண்டு பலூன்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை ஊசியால் குத்துங்கள். மற்றொன்றின் வாயை இலேசாகத் திறந்து காற்றை மெதுவாக விடுங்கள். இரண்டிலும் இருந்தது ஏறக்குறைய ஒரே அளவு காற்றுதான். ஒன்று 'டப்' என்று காதைப் பிளந்தது; மற்றொன்று 'ஸ்...' என்று அடங்கியது. எவ்வளவு காற்று வெளியேறியது என்பதைவிட, எவ்வளவு நேரத்தில் வெளியேறியது என்பதே சத்தத்தை முடிவு செய்கிறது. ஒலியடக்கியின் அடிப்படை இவ்வளவுதான்.

இப்போது எஞ்சினுக்கு வருவோம். இது இரண்டு வீச்சு எஞ்சின். பிஸ்டன் ஒருமுறை மேலே போய் இறங்குவதற்குள், அதாவது அச்சு ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள், ஒரு முறை எரிதல் நடக்கிறது. எரிந்த வாயு பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டன் இறங்கும்போது சிலிண்டரின் பக்கவாட்டில் உள்ள கழிவுத்துளை திறந்துகொள்கிறது. அந்தக் கணத்தில் உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தம் இன்னமும் வெளிக்காற்றைப்போல் சில மடங்கு இருக்கும். துளை திறந்தவுடன் அது வெடித்துப் பாய்கிறது. ஊசி குத்திய பலூன் அதுதான்.

நிமிடத்துக்கு 10,000 சுற்று என்றால், நொடிக்கு ஏறக்குறைய 167 பலூன்கள்! ஒவ்வொரு சுற்றுக்கும் 6 மில்லிநொடி. அதில் கழிவுத்துளை திறந்திருப்பது ஏறத்தாழ 2 மில்லிநொடிதான். 167 ஹெர்ட்ஸ் என்பது தாழ்ந்த சுருதி. அது மட்டும் வந்தால் காது அவ்வளவு வருந்தாது. ஆனால் திடீரென்று எழுந்து திடீரென்று விழும் ஒவ்வொரு அழுத்தத் துடிப்பிலும் உயர் அதிர்வெண்கள் பல கலந்திருக்கும். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரைதான். பழைய எஞ்சின்களின் சத்தம் கேட்பவர் காதில் ஊசிபோல் இறங்குவதற்குக் காரணம் இதுவே.

ஒலியடக்கி என்பது அடிப்படையில் ஒரு வெற்று அறை. துளையிலிருந்து பாயும் வாயு அந்த அறையில் விரிந்து அழுத்தம் குறைகிறது. பிறகு சிறிய வால்குழாய் வழியாக, 2 மில்லிநொடியில் அல்லாமல் அடுத்த துடிப்பு வரும்வரை சிறிது சிறிதாக வெளியேறுகிறது. ஐந்தாம் படிவத்தில் இயற்பியல் படிப்பவர்கள், டையோடு வழியே மேடும் பள்ளமுமாக வரும் மின்னோட்டத்தை ஒரு மின்தேக்கி சமப்படுத்துவதை நினைத்துக்கொள்ளுங்கள். மின்தேக்கி மின்னூட்டத்துக்குச் செய்வதை இந்தக் குப்பி வாயுவுக்குச் செய்கிறது. அதோடு, குறுகிய வழியிலிருந்து அகன்ற அறைக்குள் நுழையும் ஒலி அலையில் ஒரு பகுதி அங்கேயே எதிரொலித்துத் திரும்பிவிடுகிறது.

அப்படியானால் வால்குழாயை ஊசித் துளைபோல் ஆக்கினால் சத்தமே இருக்காதே என்று கேட்பீர்கள். சத்தம் குறையும், எஞ்சினும் திணறும். வெளியேற முடியாத எரிந்த வாயு சிலிண்டரிலேயே தங்கிவிட்டால், புதிய எரிபொருள் கலவை நுழைய இடமிருக்காது. ஆற்றல் குறைந்து, சூடு ஏறும். ஆகவே துளையைச் சுருக்குவதைவிட அறையைப் பெரிதாக்குவதே நல்ல வழி. ஆனால் பெரிய அறைக்கு எடை அதிகம். விமானத்தில் எதையும் இலவசமாகப் பெற முடியாது.

அந்தக் காலத்தில் ஏன் இல்லை?

அன்று மாதிரி விமானம் பறக்கவிட்டவர்களுக்கு ஊருக்கு வெளியே நிலம் இருந்தது. எடையும் ஆற்றல் இழப்பும் மட்டுமே அவர்கள் கவலை. பிறகு வீடுகள் திடல்களை நெருங்கின. 1960களில் புகார்கள் பெருகி, திடல்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப்போகத் தொடங்கியபோதுதான் தயாரிப்பாளர்கள் ஒலியடக்கியையும் சேர்த்து விற்க முன்வந்தார்கள். பிரிட்டனில் 1982ஆம் ஆண்டின் நடைமுறை வழிகாட்டி, 7 மீட்டர் தொலைவில் 82 டெசிபெலைத் தாண்டக்கூடாது என்று வரையறுத்தது. திறந்தவெளியில் தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். 7 மீட்டரில் 82 என்றால் 14 மீட்டரில் 76, 28 மீட்டரில் 70, 112 மீட்டரில் 58. இரண்டு பேர் பேசிக்கொள்ளும் அளவு அது. கணக்கைப் பார்த்தால் வரம்பு ஏன் அங்கே வைக்கப்பட்டது என்பது புரியும்.

அக்கம்பக்கத்தாரை விடுங்கள், உங்கள் காதையும் பாருங்கள். 85 டெசிபெல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரம் வரை கேட்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும் என்பது தொழில் மருத்துவத்தில் பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. 100 டெசிபெல் என்றால் 15 நிமிடம்தான். ஒலியடக்கி இல்லாத ஃபாக்ஸ் 35 பக்கத்தில் குனிந்து ஊசித்திருகைச் சரிசெய்பவரின் காதில் விழுவது அதற்கும் மேல். உட்செவியில் ஒலியை உணரும் மயிரிழைச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதர்களுக்கு மீண்டும் வளர்வதில்லை.

பொருத்தமானதைத் தேடுவது

கடையில் போய் "35க்கு ஒரு மஃப்ளர்" என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் பொருந்தாது. ஒரே பெயரில் பல ஆண்டுகள் வந்த எஞ்சினின் உடல் இடையிடையே மாறியிருக்கும். முதலில் உங்கள் எஞ்சினின் கழிவுத்துளைப் பக்கத்தைப் பாருங்கள். அங்கே செவ்வக வாய் கொண்ட சிறு குழல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்து, திருகு போட இடமே இல்லையென்றால், அது ஒலியடக்கிக் காலத்துக்கு முந்தையது. பட்டையால் கட்டும் வகையைத்தான் தேட வேண்டும். சிலிண்டரின் பின்புறமாகச் சுற்றிவரும் ஓர் எஃகுப் பட்டை, இரு பக்கமும் திருகுகளால் ஒலியடக்கியை வாயோடு இழுத்துப் பிடிக்கும். பழைய ஃபாக்ஸ் எஞ்சின்கள் பலவற்றுக்கு இதுதான் வழி. வாயின் இரு பக்கமும் காதுபோல் துளையிட்ட நீட்சிகள் இருந்தால், அது பின்னாளில் வந்தது, நேரடியாகத் திருகலாம்.

வானொலிக் கட்டுப்பாட்டு விமானங்களுக்காகச் செய்யப்பட்ட பழைய எஞ்சின்கள் சிலவற்றில், கழிவுத்துளையின் வாயிலேயே ஒரு சிறு தகட்டுக் கதவு இருக்கும். வேகத்தைக் குறைக்கும்போது அது மூடிக்கொள்ளும். ஒலியடக்கி போடும்போது பொதுவாக அதைக் கழற்றிவிடுவார்கள். கழற்றியதைத் தூக்கி எறியாதீர்கள். ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். அந்த எஞ்சினின் வரலாற்றில் அதுவும் ஒரு பகுதி.

அளவெடுக்க ஓர் எளிய வழி உண்டு. ஒரு வெள்ளைத்தாளைக் கழிவுத்துளையின் வாயில் அழுத்திப் பிடித்து, பென்சிலின் பக்கவாட்டால் மெல்லத் தேயுங்கள். நாணயத்தின் உருவத்தைத் தாளில் எடுப்பீர்களே, அதே வித்தை. வாயின் வடிவம், திருகுத் துளைகள், அவற்றின் இடைவெளி எல்லாம் அப்படியே பதிந்துவிடும். பிறகு வெர்னியர் காலிப்பரால் அளந்து அந்தத் தாளிலேயே எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். விற்பவருக்கு எஞ்சினை அனுப்பத் தேவையில்லை. தாளின் படம் போதும்.

பழைய ஒலியடக்கி கிடைத்தால் மூன்றைக் கவனியுங்கள்: திருகுத் துளைகளைச் சுற்றிக் கீறல் விட்டிருக்கிறதா, புரிகள் தேய்ந்திருக்கின்றனவா, எஞ்சினோடு ஒட்டும் முகம் தட்டையாக இருக்கிறதா. மூன்றாவது மட்டும் சரியில்லை என்றால் கவலை வேண்டாம். தடித்த கண்ணாடியின் மேல் நுண்ணிய மணல்தாளை விரித்து, முகத்தை எட்டுப் போடுவதுபோல் தேய்த்தால் சமமாகிவிடும்.

எதுவுமே கிடைக்காவிட்டால் சிலர் பித்தளைத் தகட்டில் தாங்களே செய்துகொள்கிறார்கள். மின்சுற்றுகளுக்குப் பயன்படுத்தும் ஈயப்பற்று இங்கே உதவாது. அது 183 டிகிரி செல்சியஸிலேயே உருகத் தொடங்கும். வெளியேறும் வாயுவோ அதைவிடச் சூடானது. வெள்ளி கலந்த பற்றாசுதான் தாங்கும். அது உருக 600 டிகிரிக்கும் மேல் வேண்டும் என்பதால், பட்டறைப் பழக்கமுள்ள ஒருவரிடம் விட்டுவிடுவது நல்லது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். திருகு போட இடமில்லை என்று பழைய எஞ்சினின் உடலில் துளை போடாதீர்கள். அந்த வார்ப்பு மெல்லியது, எளிதில் வெடிக்கும். துளையிடும்போது விழும் உலோகத்தூள் ஒன்று உள்ளே போனாலும் சிலிண்டர் கீறிப்போகும். எழுபது ஆண்டுகள் ஒருவர் மாற்றி ஒருவர் காப்பாற்றி வைத்ததை நாம் ஐந்து நிமிடத்தில் கெடுத்துவிடக் கூடாது.

திருகில் இருக்கும் கண்ணி

இதில்தான் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஜப்பானிய எஞ்சின்களான ஓ.எஸ்., என்யா போன்றவை மெட்ரிக் திருகு கொண்டவை. அமெரிக்க எஞ்சின்கள் அங்குல அளவுள்ளவை. பழைய பிரிட்டிஷ் எஞ்சின்களிலோ 'பி.ஏ.' என்ற மூன்றாவது முறை. அமெரிக்க 4-40 திருகின் விட்டம் 2.84 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் 6 பி.ஏ. திருகின் விட்டம் 2.8 மில்லிமீட்டர். கையில் வைத்துப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்!

ஆனால் புரிகளின் இடைவெளி வேறு. 4-40 என்றால் ஓர் அங்குலத்துக்கு 40 புரி, அதாவது ஒரு புரிக்கு 0.635 மில்லிமீட்டர். 6 பி.ஏ.யில் அது 0.53 மட்டுமே. ஒன்றின் துளையில் மற்றொன்றைப் போட்டால் முதல் ஒன்றிரண்டு சுற்றுக்குச் சமர்த்தாக உள்ளே போகும். இரண்டாம் சுற்றிலேயே 0.2 மில்லிமீட்டர் விலகிவிடும். பிறகு இறுகும். "துருப்பிடித்திருக்கும்" என்று நினைத்து நாம் இன்னும் பலமாகத் திருகுவோம். எஃகுத் திருகுக்கு ஒன்றும் ஆகாது. அலுமினியத் துளையின் புரிகள் சுருள் சுருளாக உரிந்து வெளியே வரும். நான் உரித்தது இரண்டு துளைகளை. முதலாவதில் பாடம் கற்றுக்கொள்ளவில்லை. விரல் நுனியால் திருகும்போது ஐந்தாறு சுற்று தடையில்லாமல் போனால்தான் அது சரியான திருகு.

பொருத்தும்போது

இரு முகங்களையும் நன்றாகத் துடையுங்கள். கார் பழுதுபார்ப்பவர்கள் பயன்படுத்தும், அதிக வெப்பம் தாங்கும் சிலிக்கோன் பசையை மிக மெல்லிய கோடாகத் தடவி, பிதுங்குவது உட்புறம் போகாதபடி பார்த்து, ஒருநாள் முழுக்கக் காயவிடுங்கள். காகிதத்தில் வெட்டிய கேஸ்கெட் நெடுநாள் நிற்காது. குளிர்பானக் கலனின் தகட்டில் வெட்டியது நிற்கும்.

பட்டை வகையை அளவோடுதான் இறுக்க வேண்டும். அலுமினியம் சூடேறும்போது எஃகைப்போல் ஏறக்குறைய இருமடங்கு விரிவடையும். உள்ளே இருக்கும் எஞ்சின் அலுமினியம்; வெளியே சுற்றியிருக்கும் பட்டை எஃகு, அதுவும் எஞ்சினைவிடக் குளிர்ச்சியானது. ஆகவே ஓட ஓடப் பிடி தானாகவே இறுகும். குளிராக இருக்கும்போதே பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினால், வட்டமான சிலிண்டர் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நசுங்கும். அதற்குள் பிஸ்டன் சில மைக்ரோமீட்டர் இடைவெளியில்தான் ஓடுகிறது. இறுக்கிய பிறகு கையால் விசிறியைச் சுற்றிப் பாருங்கள். முன்பைவிடக் கனமாக இருந்தால் கால் சுற்றுத் தளர்த்துங்கள். முதல் ஓட்டம் முடிந்து ஆறியதும் திருகுகளை மறுபடியும் சோதியுங்கள். அதிர்வில் அவை தளர்ந்திருக்கும்.

ஒலியடக்கிக்குள் பாத்திரம் தேய்க்கும் கம்பிநாரைத் திணித்தால் சத்தம் இன்னும் குறையும் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். அதன் துணுக்கு ஒன்று சிலிண்டருக்குள் திரும்பிப் போனால் அதோடு முடிந்தது கதை.

எஞ்சினின் குணம் மாறும்

பொருத்தியாயிற்று, இனி எஞ்சின் முன்போல் ஓடாது. கொஞ்சம் ஆற்றல் குறையும், கொஞ்சம் சூடு கூடும். பழைய எஞ்சின்களுக்கு மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்த எரிபொருளைத்தான் ஊற்றுவார்கள். ஆம், பாட்டி கண்ணை மூடிக்கொண்டு குடி என்பாரே, அதே விளக்கெண்ணெய்தான். தாவர எண்ணெய்களில் மெத்தனாலில் நன்கு கரைவது அரிது, இது கரையும். கடும் சூட்டிலும் உலோகத்தை விட்டு விலகாமல் ஒட்டிக்கொள்ளும். சூடு கூடும் எஞ்சினில் இதன் அளவைக் குறைத்துவிடக் கூடாது. மெத்தனால் நச்சு; அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. பெரியவர் ஒருவர் கூட இல்லாமல் இந்த எரிபொருளைத் தொடாதீர்கள்.

சில ஒலியடக்கிகளில் ஒரு சிறு முனை இருக்கும். அதிலிருந்து மெல்லிய குழாயை எரிபொருள் கலனுக்குக் கொண்டுபோனால், உள்ளே இருக்கும் அழுத்தம் எரிபொருளை எஞ்சினுக்குத் தள்ளிவிடும். தொந்தரவாக இருந்த அழுத்தத்தை வேலைக்கு அமர்த்தும் இந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் எரிபொருள் இப்போது அதிகமாக வரும் என்பதால் ஊசித்திருகைச் சற்று மூட வேண்டும். பறக்கும்போது அந்தக் குழாய் கழன்றால், எரிபொருள் திடீரெனக் குறைந்து எஞ்சின் கொதித்துவிடும். குழாயை இழுத்துப் பார்க்காமல் ஏற்றாதீர்கள்.

சமநிலையும் மாறும். 60 கிராம் ஒலியடக்கி, விமானத்தின் ஈர்ப்பு மையத்துக்கு 20 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திருப்புத்திறன் 60 × 20 = 1,200. வால் 60 சென்டிமீட்டர் பின்னால் இருந்தால் அங்கே 20 கிராம் சேர்க்க வேண்டும். ஆக விமானத்தின் எடை கூடியது 60 அல்ல, 80 கிராம்.

எல்லா எஞ்சினும் இதற்கு ஒத்துழைப்பதில்லை. காக்ஸ் நிறுவனத்தின் 0.049 கன அங்குல எஞ்சின்கள் 0.8 கன சென்டிமீட்டர்தான், கட்டைவிரல் அளவு. அவற்றுள் சிலவற்றில், பிஸ்டன் உச்சிக்குப் போகும்போது அதன் அடிவிளிம்பு கழிவுத்துளைக்கு மேலே ஏறிவிடும். அந்த இடைவெளி வழியாக வெளிக்காற்று கீழறைக்குள் நுழையும். ஆற்றலைக் கூட்ட வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. இதற்கு ஒலியடக்கி போட்டால், நுழைவது வெளிக்காற்று அல்ல, சற்றுமுன் வெளியேறிய புகை! எஞ்சின் தன் மூச்சையே திரும்ப மூச்சாக இழுக்கும். அப்படிப்பட்டவற்றுக்கு அந்த இடைவெளி இல்லாத சிலிண்டரை மாற்றிய பிறகுதான் ஒலியடக்கி பொருந்தும்.

எல்லாம் சரியாக அமைந்த பிறகும் ஒரு சத்தம் மிச்சமிருக்கும். அது எஞ்சினுடையது அல்ல, விசிறியுடையது. 10 அங்குல விசிறியின் நுனி ஒரு சுற்றில் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் பயணம் செய்கிறது. 10,000 சுற்றில் அது நொடிக்கு 133 மீட்டர். 15,000 சுற்றில் 200 மீட்டர். ஒலியின் வேகமோ நொடிக்கு 340 மீட்டர். நுனியின் வேகம் ஏற ஏற விசிறி அலறும், அதற்கு எந்தக் குப்பியும் உதவாது. சற்றுப் பெரிய விசிறியைப் போட்டு எஞ்சினை மெதுவாக ஓடவிட்டால் அடங்கும். எவ்வளவு அடங்கியது என்று பார்க்கக் கைப்பேசியில் உள்ள ஒலிமானிச் செயலியே போதும். அது காட்டும் எண் துல்லியமாக இராது. ஆனால் அதே கைப்பேசியை அதே 7 மீட்டரில், அதே உயரத்தில் பிடித்து, ஒலியடக்கிக்கு முன்னும் பின்னும், விசிறியை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அளந்தால், அந்த எண்களின் வித்தியாசம் உங்களுக்கு உண்மையைச் சொல்லும்.